முறை வரும் நாள்

பழவேற்காட்டு ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நேரத்தில் வலை போட இயலாது. முகத்துவாரத்தை ஒட்டி, இறால் ஓடும் வழிகளில், இன்னார்க்கு இன்ன நாள் என்று முறை உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாக்குப்பம் ஆகிய மூன்று ஊர்களுக்கும் இந்த உரிமை தலைமுறை தலைமுறையாக வந்துகொண்டிருக்கிறது. பெரியவர்கள் கூடிச் சீட்டுப் போடுவார்கள். எந்தக் குழுவுக்கு எந்த இடம், எந்த நாள் என்பது அதிலே தெரிந்துவிடும். முறையில்லாத நாளில் பிறருடைய படகு நிறைந்து திரும்புவதைக் கரையில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருப்போம். அதுவும் காத்திருப்புதான். எனினும் அதில் கசப்பில்லை. நம்முடைய நாள் எதுவென்று நமக்குத் தெரியும். அந்த நாள் வரும்வரை வலையைப் பொத்திக்கொண்டிருக்கலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம், உறங்கவும் செய்யலாம்.

நாள் தெரியாத காத்திருப்பு எத்தகையது என்பதை, 2013-ஆம் ஆண்டில் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்தவளால்தான் அறிந்தோம். எங்களைப் பற்றி வாசக அன்பர்களுக்கு இரண்டு சொல் சொல்லிவிடுகிறோம். நாங்கள் கணவனும் மனைவியும். எங்களுள் ஒருவர் குப்பத்துப் பள்ளியில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் மீன்கூடையைத் தலையில் சுமந்து பொன்னேரிச் சந்தையில் விற்றுப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஏரியில் வரும்படி குறைந்துபோனதால் எங்கள் மகன் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போனான். அங்கே சுவருக்கு வண்ணம் பூச வந்த ஒரு பெரியவரோடு அவனுக்குப் பழக்கம் ஏற்பட்டது. அந்தப் பெரியவரின் மகளையே மணந்துகொண்டான். அவர்கள் குடும்பம் கும்மிடிப்பூண்டி இலங்கைத் தமிழர் முகாமில் இருந்தது. மூன்று ஞாயிறு ஓலை வாசித்தும் ஒருவரும் தடை சொல்லவில்லை. பழவேற்காட்டு மகிமை மாதா கோயிலில் திருமணம் இனிதே நடந்தது. தடை வேறோர் ஏட்டில் எழுதப்பட்டிருந்தது.

எங்கள் மருமகள் இந்தியாவில் பிறந்தவள். 1992-இல், அதே முகாமில் பிறந்தாள். இந்த நாட்டைத் தவிர வேறெந்த நாட்டு மண்ணையும் அவள் மிதித்ததில்லை. அவளுடைய முன்னோர் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து மாத்தளைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்த அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கிற்று. 1964 அக்டோபர் 30 அன்று சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்கும், எல்லாம் 15 ஆண்டுகளில் முடிந்துவிடும் என்பது ஏற்பாடு. மீதியிருந்த 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. எங்கள் கரையில் மீனைக்கூட இனம் பார்த்து, தரம் பார்த்துத்தான் பங்கு வைப்பார்கள். மனிதரை இத்தனை இலட்சம் உனக்கு, இத்தனை இலட்சம் எனக்கு என்று பங்கு வைத்ததை நாங்கள் முதன்முதலில் கேட்டபோது நம்புவதற்குக் கடினமாக இருந்தது.

மருமகளின் பாட்டனார் கண்டியிலிருந்த இந்திய உதவித் தூதரகத்தில் இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பித்து ரசீது வாங்கினார். தாளின் ஓரங்கள் பொடிந்துவிட்டன. முத்திரை மட்டும் இன்னும் தெரிகிறது. பதில் வருமுன் 1977-ஆம் ஆண்டுக் கலவரம் வந்தது. தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு ஓடினார்கள். 1983-க்குப் பிறகு அங்கும் நிம்மதியில்லை. 1984-இல் தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே ஓடிய கப்பலும் நின்றுபோயிற்று. 1990-இல் பேசாலைக் கரையிலிருந்து ஒரு படகில் ஏறி இராமேசுவரம் வந்து, மண்டபத்தில் பதிவு செய்துகொண்டு, கும்மிடிப்பூண்டிக்கு அனுப்பப்பட்டார்கள். கப்பலில் வந்திருந்தால் அவர்கள் 'தாயகம் திரும்பியோர்'. படகில் வந்ததால் 'அகதிகள்'. கடல் ஒன்றுதான், மக்களும் அவர்களேதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை வழக்கறிஞர் ஒருவர் பொறுமையாக எங்களுக்கு விளக்கினார். 1987 ஜூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் யாராயிருப்பினும், பிறப்பாலேயே குடிமகன். அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் இன்னும் ஒரு முடிச்சு: பெற்றோரில் ஒருவர் குடிமகனாயிருந்தாலும் மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. அப்படி வகுக்கப்பட்டவர் விண்ணப்பித்துப் பதிவு செய்துகொள்ளவும் வழியில்லை. உரிய பயணத்தாள் இன்றி நாட்டினுள் நுழைந்தவரே சட்டவிரோதக் குடியேறி. அவ்வாறாயின் எங்கும் நுழையாமல் இங்கேயே பிறந்தவள் யார்? இந்த வினாவுக்கு வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஐயா, உங்கள் மருமகளைப் பற்றி மட்டும் கேட்கிறீர்கள், பேரனைப் பற்றிக் கேட்கவில்லையே" என்றார். அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. எங்கள் பேரன் 2014-இல் பொன்னேரியில் பிறந்தவன். தகப்பன், பாட்டன், பூட்டன் எல்லோரும் இந்த ஏரிக்கரையில் பிறந்தவர்கள். சட்டத்தின் எழுத்தை இறுக்கிப் பிடித்தால் அவனுக்கும் நாடில்லை.

2019 ஜூன் 17 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு வந்தது. இந்திய வம்சாவளியைச் சேர்ந்த முகாம்வாசிகள் 65 பேர் தொடுத்த வழக்கு அது. நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன், அவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்கலாம் என்றும், நடுவண் அரசு 16 வாரங்களில் முடிவு சொல்ல வேண்டும் என்றும் பணித்தார். முகாம்களில் அன்று பலரும் இனிப்பு வாங்கினார்களாம். அவ்வாண்டு செப்டம்பரில் எங்கள் மருமகளும் விண்ணப்பித்தாள். திருமணச் சான்று, மகனின் ஆவணங்கள், முகாம் பதிவேட்டின் நகல், கண்டி ரசீது, சத்தியப் பத்திரம் என்று ஒரு கட்டு. கேட்கப்படாவிட்டாலும் பங்குத்தந்தையின் நற்சான்றையும் சேர்த்து வைத்தோம். அதே டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறிற்று. பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த ஆறு சமயத்தாருக்கு அது வழி திறந்தது. அவ்வாறில் கிறித்தவரும் உண்டு. ஆனால் இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை.

2020 மார்ச்சு மாதத்தில் விசாரணைக்கு அழைப்புக் கடிதம் வந்தது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் வரச் சொல்லியிருந்தார்கள். மார்ச்சு 24 இரவு நாடு முழுவதும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது.

அந்த மாதங்களை ஏரிக்கரையார் எவரும் மறவார். இறால் வாங்க வரும் வண்டிகள் வரவில்லை. நண்டு கூடையிலேயே செத்தது. ஏலக் கொட்டகையில் நாய்கள் படுத்திருந்தன. பொன்னேரிக்குப் பேருந்தில்லை, அங்கிருந்து கும்மிடிப்பூண்டிக்கு மின்சார இரயிலும் இல்லை. ஏப்ரல் 12 அன்று உயிர்ப்புப் பெருவிழாத் திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். உலகம் முழுவதும் அன்று காத்திருந்தது. எதற்கென்று தெரியாமலேயே காத்திருந்தது. எங்கள் மருமகள்தான் வீட்டில் மற்ற எல்லோரையும்விட அமைதியாக இருந்தாள். "எங்களுக்கு இது புதுசில்லை, அத்தை" என்றாள். வெளியே போக அனுமதி கேட்பது, பெயர் கூப்பிடும் நாளில் வரிசையில் நிற்பது, அடுத்த மாதம் என்னாகும் என்று தெரியாமல் இந்த மாதத்தை ஓட்டுவது இவையெல்லாம் அவள் பிறந்தது முதல் பழகியவை. முகாமில் பத்துக்குப் பத்தடி அறைகளில் ஐந்து பேரும் ஆறு பேரும் வாழ்ந்த குடும்பங்கள் இருந்தன. அவர்களுக்குத் தனித்திருக்கும்படி ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஐந்து மாதம் அவள் தன் தகப்பனாரைக் காணவில்லை. நாளுக்கு ஒருமுறை தொலைபேசியில் பேசுவார்கள். பேச்சு முடியும்போது அவர் தவறாமல், "கடுதாசி ஏதும் வந்ததா?" என்று கேட்பார்.

கடிதம் வரவில்லை. அலுவலகங்கள் திறந்த பிறகு போய்க் கேட்டோம். மக்கள் குறைதீர்க்கும் நாள் நின்றிருந்தது. மனுவைப் பெட்டியில் போடச் சொன்னார்கள்; போட்டோம். பெட்டியில் போட்ட மனுவுக்கு ரசீது கிடையாது. சில மாதங்கள் கழித்து, ஏற்கெனவே கொடுத்த சான்றுகளில் இரண்டு காலாவதியாகிவிட்டதாகவும் புதிதாக வாங்கித் தரவேண்டும் என்றும் ஓர் அலுவலகத்தில் சொன்னார்கள். சான்றுகள் காலாவதியானது அவர்கள் மேசைமேல் இருந்தபோதுதான். அந்த எழுத்தரும் நோயில் தம் தமையனை இழந்திருந்தார் என்பது பின்னர் தெரிந்தது. ஆகையால் அவரை நாங்கள் நொந்துகொள்ளவில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கொள்ளைநோய் எல்லாக் கோப்புகளையும் ஒன்றுபோல் நிறுத்தவில்லை. மருமகளின் சித்தி ஒருத்தி டொரன்டோவில் இருக்கிறாள். அதே மலையகத்துக் குடும்பம், அதே போரில் ஓடியவள். 2020-இல் கனடா அரசு குடியுரிமை விழாக்களைக் கணினித் திரை வழியே நடத்தத் தொடங்கியது. அவள் தன் வீட்டுக் கூடத்திலிருந்தபடியே கையுயர்த்தி உறுதிமொழி எடுத்துக்கொண்டாள். அந்தப் படத்தை எங்கள் மருமகள் தன் கைபேசியில் இன்னும் வைத்திருக்கிறாள்.

இந்த நாள்களில் திருத்தூதர் பணிகள் நூலின் கடைசிப் பகுதியை வீட்டு செபத்தில் வாசித்து வந்தோம். எங்கள் இளமையில் சின்னப்பர் என்போம், இப்போது பவுல் என்கிறோம். அவரைச் சாட்டையால் அடிக்க வார் கொண்டு கட்டும்போது, தாம் உரோமைக் குடிமகன் என்கிறார். உடனே எல்லாரும் அஞ்சி விலகுகிறார்கள். படைத்தலைவன், பெருந்தொகை கொடுத்துத் தான் பெற்ற அந்த உரிமையைப் பற்றிச் சொல்ல, பவுல் தமக்கு அது பிறப்பிலேயே வாய்த்தது என்கிறார். இந்த இடத்தைப் பலமுறை வாசித்திருக்கிறோம். ஒரு சொல் ஒருவன் முதுகைக் காப்பாற்றும் என்பதை மருமகள் எங்களோடு உட்கார்ந்து கேட்ட அன்றுதான் உணர்ந்தோம். அதற்குப் பின் செசரியாவில் நடப்பது இன்னும் நமக்கு அருகில் உள்ளது. ஆளுநர் பெலிக்ஸ் அவ்வழக்கைத் தீர்க்கவுமில்லை, தள்ளவுமில்லை. பிறகு பார்க்கலாம் என்று சொல்லிச் சொல்லியே இரண்டு ஆண்டுகள் ஓடின. ஆளுநர் மாறினார்; கைதி அங்கேயே இருந்தார். பெலிக்சு கொடியவன் என்று மறையுரைகளில் கேட்டதில்லை. அவன் ஒன்றும் செய்யவில்லை, அவ்வளவுதான்.

2021 மே மாதம், இரண்டாம் அலையில், மருமகளின் தகப்பனார் இறந்தார். மூச்சுத்திணறல் கண்ட நான்காம் நாள் எல்லாம் முடிந்தது. முகத்தைக் காண நாலு பேருக்குத்தான் அனுமதி. அவள் போய் வந்தாள். அவ்வாண்டு அக்டோபரில் கடிதம் வந்தது. கண்டி ரசீதின் உண்மைத்தன்மையை அறியவேண்டி, அதில் பிள்ளையாகக் குறிப்பிடப்பட்டிருக்கும் இன்னார் மூலப் பத்திரத்துடன் நேரில் வருமாறு அதில் எழுதியிருந்தது. பெயர் எழுத்துப்பிழையின்றிச் சரியாக இருந்தது. அதைப் பார்த்து அவள் அழுதாளா என்று வாசகர்கள் கேட்கலாம். இல்லை. இறப்புச் சான்றை நகலெடுக்கக் கடைக்குப் போனாள்.

இடையில் நல்லதும் நடந்தது. அதைச் சொல்லாமல் விடுவது நன்றியாகாது. 2021 ஆகஸ்டு 27 அன்று தமிழ்நாடு முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் முகாம் மக்களுக்காக 317.40 கோடி ரூபாய்த் திட்டங்களை அறிவித்தார். அன்றைய கணக்கின்படி 108 முகாம்களில் 58,822 பேர் இருந்தனர். வெளியே காவல் நிலையப் பதிவில் 34,087 பேர். பணக்கொடை உயர்ந்தது. 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாகவும் சொன்னார்கள். 'அகதிகள் முகாம்' என்ற பெயர் 'மறுவாழ்வு முகாம்' என்று மாறிற்று. பெயர்ப்பலகை மாறிய அன்று மாமியார் வீட்டுக்குப் போயிருந்த எங்கள் மகன், பலகைக்கு வண்ணம் பூசியவர் தன் மாமனாரோடு வேலை செய்தவர்தான் என்று வந்து சொன்னான். ஆனால் குடியுரிமை மாநிலத்தின் கையில் இல்லை. அது தில்லியில் இருக்கிறது.

1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்மணி, 1987-க்கு முன் பிறந்ததால் தாம் குடிமகளே என்று வழக்காடி, 2022-இல் கடவுச்சீட்டுக்கு நீதிமன்ற ஆணை பெற்றார். 2024 ஏப்ரல் 19 நாடாளுமன்றத் தேர்தலில் திருச்சியில் வாக்களித்தார். செய்தித்தாளில் அவர் விரல் மையைக் காட்டி நிற்கும் படம் வந்திருந்தது. எங்கள் மருமகள் அந்தப் பெண்மணிக்கு ஆறு வயது இளையவள். அந்த ஆறு ஆண்டுகள்தாம் வேறுபாடு.

பாடு முறையைப் புகழ்ந்து தொடங்கிவிட்டோம். அதன் மறுபக்கத்தையும் சொல்லாமல் இருக்க இயலாது. பாட்டில் இடம் பெற அந்த மூன்று ஊரில் ஒன்றில் பிறந்திருக்க வேண்டும். மற்ற குப்பத்தார்க்கு அங்கே இடமில்லை; அதனால் ஏரியில் பூசலும் வழக்கும் நெடுங்காலமாக உண்டு. இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் நின்று, பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள். நாங்கள் வருமுன்னரே அவர்கள் இந்த ஏரியில் இருந்திருக்கக் கூடும். அவர்களுக்குச் சீட்டுக் குலுக்கலில் பெயரில்லை. சாதிச் சான்று கேட்டு ஆண்டுக்கணக்கில் அலைகிறவர்களும் அவர்களே. ஆகவே பட்டியல் எழுதுகிறவன் கை தில்லியில் மட்டும் இருப்பதாக நாங்கள் நினைக்கவில்லை. ஏரி எல்லோருக்கும் போதாது, எங்கோ ஒரு கோடு கிழிக்கத்தான் வேண்டும் என்பார்கள் எங்கள் பெரியவர்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாடும் அதையே சொல்லலாம். ஆனால் எங்கள் ஊர்க் கூட்டத்தில் இல்லை என்றால் அன்றே இல்லை என்று முகத்துக்கு நேரே சொல்வார்கள். கேட்டவன் எழுந்து போய்க் கரைவலைக்கோ கூலிக்கோ வேறு வழி பார்ப்பான். பதினைந்து ஆண்டுகளில் முடியும் என்று 1964-இல் சொல்லி, அறுபது ஆண்டுகள் கடந்தும் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லாதிருக்கும் வழக்கம் எங்கள் கரையில் இல்லை.

பேரன் இப்போது ஆறாம் வகுப்பில் படிக்கிறான். ஊர்ப் பிள்ளைகளோடு அவனும் வலை இழுக்கக் கற்றுவருகிறான். திருமணமானால் பாட்டில் அவனுக்கும் ஒரு பெயருண்டு என்பதில் குப்பத்தில் எவருக்கும் ஐயமில்லை. தாய் எந்த ஊர் என்று எவரும் கேட்டதில்லை.

2025 செப்டம்பரில் நடுவண் அரசின் புதிய ஆணை வெளிவந்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், கடவுச்சீட்டும் விசாவும் இல்லாமல் இருப்பதற்காகத் தண்டிக்கப்படமாட்டார்கள் என்பது அதன் பொருள். நாடு கடத்தப்படுவோமோ என்று அஞ்சிக் கிடந்த முகாம்களுக்கு அது பெரிய ஆறுதல்தான். மருமகள் செய்தியை இருமுறை வாசித்தாள். பிறகு எங்களிடம், "மாமா, தண்டனை கிடையாதுன்னு போட்டிருக்காங்க. நான் செஞ்ச குற்றம் என்னன்னு எங்கேயாவது போட்டிருக்கா?" என்று கேட்டாள். தாளைத் திருப்பிப் பார்த்தோம். அடுத்த பக்கத்தில் இறால் விலை இருந்தது.

புதிய விண்ணப்பம் ஒன்றை அட்வெந்துக்கு முன் கொடுத்தோம். அதன் ரசீதைக் கண்டி ரசீதோடு சேர்த்து ஒரே பாலித்தீன் உறையில் போட்டு, உப்புக்காற்று படாத பெட்டியில் வைத்திருக்கிறாள்.